சிட்னியில் லெபனான் சாப்பாடு: 14 பேர், அதில் 6 பேர் சைவம். எங்கே போகலாம்?

புதுவீட்டுக்காரன்
மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இந்த மாதம் எழுபது. மேஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனை தனியாக நடந்துவிடும். அதற்கு அடுத்த சனிக்கிழமை ராத்திரி, நண்பர்கள் குடும்பத்தோடு எல்லோரும் வெளியே சாப்பிடலாம் என்று திட்டம். மொத்தம் 14 பேர். அதில் 6 பேர் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நாலு பேர் வாண்டுகள்.

ஹாரிஸ் பார்க்கில் நம்ம ஊர்க் கடைகளுக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. "தோசை தின்னவா இத்தனை தூரம் பிளேன் ஏறி வந்தேன்" என்கிறார் அப்பா. லெபனான் சாப்பாடு எல்லோருக்கும் ஒத்துவரும் என்பது மனைவியின் யோசனை. நகரத்துக்குள் ஒரு பெரிய இடத்தின் மெனுவைப் பார்த்தேன். பேங்க்வெட் (கடையே வகைகளை முடிவுசெய்து வரிசையாகக் கொண்டுவரும் சாப்பாடு) ஆளுக்கு 75 டாலர், சைவத்துக்கும் அதே விலை. இது சரிப்படுமா? வீடு பெண்டில் ஹில்.

ராத்திரிஷிப்ட்
கிரான்வில், சவுத் ஸ்ட்ரீட், எல் ஜன்னா. கரியில் சுட்ட கோழி, பூண்டுப் பசை, ஊறுகாய், ரொட்டி. வேறு என்ன வேண்டும்?

ஹோம்புஷ்_அக்கா
தம்பி, 6 பேர் சைவம் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறாரே.

ராத்திரிஷிப்ட்
அவர்களுக்குச் சிப்ஸ் இருக்கிறது அக்கா.

மெரிலண்ட்ஸ்_மைனர்
14 பேர் என்பது லெபனான் சாப்பாட்டுக்கு அருமையான எண்ணிக்கை. இரண்டு பேராகப் போனால்தான் கஷ்டம். மூன்று தட்டு வந்ததும் வயிறு நிறைந்துவிடும், மெனுவில் முக்கால்வாசியைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

பேங்க்வெட் வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். பேங்க்வெட்டில் நிஜமாகவே விலையைத் தூக்குவது கடைசியில் வரும் கறித்தட்டு. ஷிஷ் தாவூக், கஃப்தா, லஹ்ம் மிஷ்வி என்று கம்பியில் சுட்டதெல்லாம் வரும்போது மேசையில் யாருக்கும் பசி இருக்காது. முதல் முக்கால் மணி நேரத்தில் கொண்டைக்கடலை விழுதான ஹம்முஸையும் ரொட்டியையும் போட்டுத் தாக்கியிருப்பார்கள். சைவக்காரர்கள் அந்தக் கறிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு மசால் வடை மாதிரியான ஃபலாஃபலில் இன்னொரு தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

தனித்தனியாக வாங்குங்கள். மேசையை மனதுக்குள் ஏழு ஏழு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதிக்கும் ஆறிய மெஸ்ஸே (சின்னத் தட்டு வகைகள்) நாலு: ஹம்முஸ், முதப்பல் என்ற சுட்ட கத்தரிக்காய் மசியல், லப்னே என்ற கெட்டித் தயிர், தபூலே என்ற பார்ஸ்லி சாலட். தபூலே பிடிக்காதவர்களுக்கு ஃபத்தூஷ், அது ரொட்டித் துண்டு போட்ட சாலட். இது மேசைக்கு வந்த பிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு, சூடான வகை மூன்று: ஃபலாஃபல், கீரை அடைத்த ரொட்டியான ஃபதாயர், பதாதா ஹர்ரா. பதாதா ஹர்ரா என்பது உருளைக்கிழங்கைப் பொரித்துப் பூண்டு, கொத்தமல்லி, மிளகாய் போட்டுப் பிரட்டுவது, பிள்ளைகள் அதைத் தொட்டால் மற்றவர்களுக்கு மிஞ்சாது. கறி சாப்பிடும் எட்டுப் பேருக்கு இரண்டு கலவைத் தட்டு போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். சொன்னால் எல்லாம் பத்து நிமிடத்தில் வந்து குவிந்துவிடும், பொரித்ததெல்லாம் ஆறிப்போகும்.

ரொட்டி கேட்காமலே வரும், தீர்ந்தால் மறுபடி வரும். அதுதான் பொறி. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கறிவேப்பிலை
எனக்கு ஒரு சந்தேகம். எல்லோரும் லெபனான் லெபனான் என்று கொண்டாடுகிறீர்கள். நான் போன இடங்களிலெல்லாம் மெனு ஒன்றுதான். அதே ஹம்முஸ், அதே தபூலே, அதே கோழிக்கம்பி. நகரத்தில் 75 டாலர் கடையிலும் அது, பேங்க்ஸ்டவுனில் கையேந்தி நின்று வாங்கும் கடையிலும் அது. ஒரு நாடு முழுக்க இதைத்தான் சாப்பிடுகிறதா?

மெரிலண்ட்ஸ்_மைனர்
நல்ல கேள்வி. இல்லை, வீட்டில் இதைச் சாப்பிடுவதில்லை. அதாவது தினமும் இல்லை.

உணவகத்தில் நாம் பார்ப்பது, ஸஹ்லே ஊரில் பெர்தவ்னி ஆற்றங்கரைத் திறந்தவெளி உணவகங்கள் பேர்போன கொண்டாட்டச் சாப்பாடு. மேசை நிறையச் சின்னச் சின்னத் தட்டு, நடுவில் அரக் குப்பி, மத்தியானம் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை பேச்சு. உலகம் முழுக்க லெபனான் உணவகம் என்றால் இந்த வரிசைதான். வீட்டுச் சமையல் வேறு. வெண்டைக்காய்க் குழம்பு, மொச்சைக்கொட்டை, முலூக்கியே கீரை, சுரைக்காய் மாதிரியான கூஸாவைக் குடைந்து அரிசியும் கறியும் அடைத்து வேகவைப்பது, சோற்றோடு பருப்பும் பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் சேர்ந்த முஜத்தரா. இதையெல்லாம் லெபனான்காரர்கள் வெளியே காசு கொடுத்து வாங்குவது அபூர்வம், அதனால் கடைக்காரர்களும் மெனுவில் போடுவதில்லை.

பஞ்ச்போல், கிரீனேக்கர் பக்கம் சின்னக் கடைகளில் மத்தியான வேளையில் "இன்று என்ன சமைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதாவது ஒரு குழம்பு இருக்கும். ராத்திரி போனால் கிடைக்காது.

ஒரே மெனு என்பதில் ஒரு நன்மையும் உண்டு. எல்லோரும் அதே பத்துச் சாமானைச் செய்வதால் கடைக்குக் கடை வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதலில் தபூலேயைப் பாருங்கள். பச்சையாக இருக்க வேண்டும், கோதுமை ரவை அங்கங்கே தலைகாட்டினால் போதும். பார்ஸ்லியைக் கத்தியால் அரிந்திருந்தால் இலை உதிரியாக நிற்கும். மெஷினில் போட்டிருந்தால் நசுங்கி அடியில் தண்ணீர் கோத்திருக்கும். அப்படி வந்தால் அந்தக் கடையில் மற்றதையும் குறுக்குவழியில்தான் செய்கிறார்கள் என்று முடிவுகட்டலாம்.

வடமராட்சியான்
மைனர் சொல்வது சரி. நகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லெபனான்காரர் இங்கே நேற்று வந்தவர்கள் இல்லை. 1880களிலேயே வந்துவிட்டார்கள், அப்போது அவர்களுக்குச் சிரியர் என்று பேர். ரெட்ஃபர்னில்தான் முதலில் குடியேறினார்கள். துணிமணி மொத்த வியாபாரம் அங்கே, அதை மூட்டை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்து விற்றவர்கள் ஏராளம். அதனால்தான் சர்ரி ஹில்ஸ், கிளீவ்லேண்ட் ஸ்ட்ரீட் பக்கம் பழைய லெபனான் கடைகள் உண்டு. அப்துல்ஸ் 1968இல் தொடங்கியது. நான் வந்த புதிதில் மாணவர்களுக்கு அந்தத் தெருதான் அன்னசத்திரம்.

1975இல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியது, 1990வரை ஓடியது. அப்போது வந்த சனம் மேற்கே, தென்மேற்கே போய் இருந்தது. லக்கெம்பா, பஞ்ச்போல், பேங்க்ஸ்டவுன், கிரான்வில், மெரிலண்ட்ஸ். போர் துரத்தி ஊரைவிட்டு வந்து, உறவுக்காரர் இருக்கிற தெருவிலேயே வீடு தேடுவது எங்களுக்கும் புதிய கதை இல்லை. ஹாரிஸ் பார்க்கில் நீங்கள் தோசை தின்கிற இடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் மரோனியக் கிறிஸ்தவர்களின் பேராலயம் நிற்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பகுதி நம்மவர் கைக்கு வருவதற்கு முன் அவர்களுடையதுதான்.

2021 குடிக்கணக்கில் லெபனான் வம்சாவளி என்று சொன்னவர்கள் ஆஸ்திரேலியா முழுக்க ஏறக்குறைய 2.5 லட்சம் பேர், பெரும்பாலோர் சிட்னியில். பெண்டில் ஹில்லில் இருந்துகொண்டு நகரத்துக்குள் போய் 75 டாலர் கொடுப்பது, வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் போத்தல் வாங்குகிற வேலை.

புதுவீட்டுக்காரன்
நன்றி அண்ணா. அப்படியானால் மேற்கே எந்தக் கடை? 14 பேருக்கு மேசை வேண்டும்.

மெரிலண்ட்ஸ்_மைனர்
குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட என்றால் கிரீனேக்கரில் அல் அஸீல். பெரிய கூட்டத்துக்குப் பழகிய கடை. பந்தா வேண்டாம், சாப்பாடு போதும் என்றால் பஞ்ச்போலில் ஜாஸ்மின். முன்னதாகவே போன் செய்து சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி 14 பேரோடு சும்மா போய் நின்றால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஹோம்புஷ்_அக்கா
சைவத்தைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மாமனார் மாமியார் இரண்டு பேரும் சைவம், வெளிச் சாப்பாடு என்றால் நான் லெபனான் கடைக்குத்தான் கூட்டிப் போவேன். சைவம் என்று சொன்னால் அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவர்களிலேயே கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் கறி தொடுவதில்லை. அதற்கென்றே ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துச் சாப்பிடும் காய்கறி வகை ஒன்று உண்டு. மெனுவில் பெயருக்குப் பின்னால் "பி ஸேய்த்" என்று இருக்கும். தக்காளியில் வெந்த பீன்ஸ், லூபியே பி ஸேய்த், என் மாமியார் ஒரு தட்டை முழுசாகக் காலி செய்வார். கிப்பே என்பது வழக்கமாகக் கோதுமை ரவையும் கறியும் சேர்த்துச் செய்வது, பூசணிக்காயில் செய்யும் கிப்பேயும் அந்த நோன்புச் சமையல்தான். எல்லாக் கடையிலும் இருக்காது, இருந்தால் விடாதீர்கள்.

ஆனால் நாலு இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

திராட்சை இலைச் சுருளில் இரண்டு வகை உண்டு. ஆறிப்போய் எலுமிச்சைப் புளிப்போடு வருவது அரிசியும் தக்காளியும் அடைத்தது. சூடாக வருவதற்குள் கறி இருக்கும். பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான், கேட்டுவிட்டு எடுங்கள். அப்புறம் பருப்பு சூப். பெயர்தான் பருப்பு, சில கடைகளில் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். சேமியா வறுத்துப் போட்ட சோறும் அதே கதை. ஹம்முஸில் நடுவே குழி செய்து வறுத்த கறியும் பைன் கொட்டையும் போடும் வகை ஒன்று இருக்கிறது, அது தவறி வந்துவிடக் கூடாது.

நாலாவது எண்ணெய். ஃபலாஃபலைப் பொரிக்கிற சட்டியிலேயே கறி கிப்பேயும் சமோசா மாதிரியான சம்பூசக்கும் பொரிப்பார்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு அது ஆகாது என்றால் தனிச் சட்டியா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். போனில் கேட்கும்போதே "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் கறி, மீன், முட்டை, சூப்புத் தண்ணீர் எதுவும் கூடாது என்று விரித்துச் சொன்னால் தெளிவாகப் பதில் வரும்.

முதப்பலை உங்கள் அம்மா முன்னால் வையுங்கள். கத்தரிக்காயை நெருப்பில் தோல் கருகச் சுட்டு, எள் விழுதும் எலுமிச்சையும் சேர்த்துக் குழைத்தது. சுட்ட கத்தரிக்காய் கொத்சு சாப்பிட்ட நாக்குக்கு அந்தப் புகை வாசனை சொல்லித்தர வேண்டியதில்லை.

கறிவேப்பிலை
பாபா கனூஷ் என்கிறார்களே, அதுதானே இது?

மெரிலண்ட்ஸ்_மைனர்
இங்கே பல கடைகளில் இரண்டையும் ஒன்றாகத்தான் எழுதுகிறார்கள். லெபனானில் எள் விழுது சேர்த்தால் முதப்பல். பாபா கனூஷில் தக்காளி, வெங்காயம், பார்ஸ்லி, மாதுளைச் சாற்றுப்பாகு எல்லாம் போட்டு சாலட் மாதிரி இருக்கும்.

ராத்திரிஷிப்ட்
கோழியைப் பற்றி நான் எழுதியதை யாரும் மதிக்கவில்லை. எல் ஜன்னா 1998இல் கிரான்வில்லில் ஒற்றைக் கடையாக ஆரம்பித்தது, இன்று ஊர் ஊராகக் கிளை இருக்கிறது. அத்தனைக்கும் அந்தப் பூண்டுப் பசைதான் காரணம் என்று நினைக்கிறேன். தூம் என்று பேர். பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், இந்த நாலுதான் சாமான். உப்போடு பூண்டை மை மாதிரி இடித்து, எண்ணெயை நூல் பிடித்தாற்போல விட்டுக்கொண்டே அடிக்க வேண்டும். நடுநடுவே எலுமிச்சை. எண்ணெயை அவசரப்பட்டு ஊற்றினால் திரிந்துவிடும், பிறகு எத்தனை அடித்தாலும் சேராது. சரியாக வந்தால் வெள்ளை வெளேரென்று, கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தாலும் விழாது.

கோழியை முதுகில் பிளந்து விரித்துக் கரிமேல் வாட்டுவார்கள். தோல் அங்கங்கே கருகியிருக்கும். ரொட்டியைக் கிழித்து, ஒரு துண்டு கோழி, தாராளமாகத் தூம், பீட்ரூட் போட்டு ரோஜா நிறத்தில் ஊறிய டர்னிப், சுருட்டி வாயில் போட வேண்டும். ராத்திரி வேலை முடித்து வந்து காரிலேயே சாப்பிட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் கார் சாட்சி சொல்லும்.

ஹோம்புஷ்_அக்கா
தம்பி சொன்ன நாலு சாமான் சரி. சில கடைகளில் பசை நிற்பதற்காக முட்டை வெள்ளை சேர்ப்பார்கள், சோள மாவோ உருளைக்கிழங்கோ சேர்ப்பவர்களும் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுக்குக்காபி
யாராவது கிப்பே நய்யே சாப்பிட்டிருக்கிறீர்களா? பச்சை ஆட்டுக்கறியாமே. ஆபீஸ் நண்பன் சத்தியம் செய்கிறான், உலகத்திலேயே அதுதான் ருசி என்று.

வடமராட்சியான்
அன்றைக்கு வெட்டின இளம் கறியை அரைத்து, கோதுமை ரவை, வெங்காயம், மசாலா சேர்த்துத் தட்டில் பரப்பி, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுப் புதினாவோடு தருவார்கள். நான் சாப்பிட்டேன், குளிர்ச்சியாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். நம்பிக்கையான கடையில் மட்டும்தான். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

கறிவேப்பிலை
70 வயதுக்காரருக்கும் கூடாது. பிறந்தநாளில் இந்த வம்பு எதற்கு?

வடமராட்சியான்
அவர் சைவம் ஐயா. உங்கள் கவலை வீண்.

புதுவீட்டுக்காரன்
😂 இன்னொரு கேள்வி. நண்பர்களில் இரண்டு பேர் ஒயின் இல்லாமல் உட்கார மாட்டார்கள். வேறு இரண்டு குடும்பம் ஹலால் மட்டும்தான். ஒரே மேசையில் முடியுமா?

மெரிலண்ட்ஸ்_மைனர்
முடியும், ஆனால் இடம் பார்த்துப் போக வேண்டும். லக்கெம்பா, பஞ்ச்போல் பக்கம் பெரும்பாலான கடைகளில் கறி ஹலால், மது கிடையாது. நாமே கொண்டுபோவதற்கும் அனுமதி இருக்காது, கேட்கவே வேண்டாம். மது கொடுக்கும் கடைகளில் கறி ஹலாலா என்று தனியாகக் கேட்க வேண்டும். சில கடைகள் ஒயின் கொண்டுவர விட்டு, குப்பியைத் திறக்கக் கட்டணம் வாங்கும். ஒரு ராத்திரி ஒயின் இல்லாவிட்டால் யாரும் சாக மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம், ஆனால் உங்கள் நண்பர்களை எனக்குத் தெரியாது. புதினா போட்டு அரைத்த எலுமிச்சை ஜூஸ் ஒரு ஜாடி சொல்லுங்கள்.

மது உண்டு என்று முடிவானால் ஒயினைவிட அரக் பொருத்தம். திராட்சையும் சோம்பு வகை விதையும் சேர்த்து வடித்தது, தண்ணீர் விட்டால் பால் நிறமாகிவிடும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், ஐஸ் கடைசியில். ஐஸை முதலில் போட்டால் மேலே ஆடை கட்டும். ஐம்பது சதவீதச் சரக்கு, பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

சுக்குக்காபி
பில் விஷயம். போன வருஷம் பொது விடுமுறை நாளில் ஒரு கடைக்குப் போனோம், பெயர் வேண்டாம். பில் வந்தபோது 15 சதவீதம் கூடுதல். அதற்கு மேல் பெரிய கூட்டம் என்று சேவைக் கட்டணம் தனியாக. அதற்கும் மேல் கார்டு கட்டணம். எட்டுப் பேர் சாப்பிட்டதற்கு ஒன்பதாவது ஆள் வந்துபோனது மாதிரி ஆகிவிட்டது. மெனுவின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மெரிலண்ட்ஸ்_மைனர்
ஞாயிறு, விடுமுறை நாள் கூடுதல் வாங்க இந்த நாட்டில் அனுமதி உண்டு. ஆனால் எத்தனை சதவீதம், எந்த நாளில் என்பதை மெனுவில் விலைக்கு இணையாகக் கண்ணில் படும்படி போட வேண்டும், அதுதான் சட்டம். எறும்பு எழுத்து செல்லாது. அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். புதுவீட்டுக்காரரே, நீங்கள் சனிக்கிழமை போவது நல்லதுதான். பெரிய கூட்டத்துக்குக் கட்டாய பேங்க்வெட் என்று விதி வைத்திருக்கும் கடைகளும் உண்டு, மேசை சொல்லும்போதே அதையும் கேளுங்கள். அப்படி விதி இருந்தால் வேறு கடைக்குப் போன் போடுங்கள்.

கறிவேப்பிலை
சரி, ஒப்புக்கொள்கிறேன், இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று மத்தியானம் பஞ்ச்போல் பக்கம் போனேன். "இன்று என்ன சமைத்தீர்கள்" என்று கேட்டேன். வெண்டைக்காயும் ஆட்டுக்கறியும், சோறு. கல்லாவில் இருந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சேர்த்துப் போட்டார். ஹம்முஸ் வாங்கவில்லை.

சுக்குக்காபி
ஹம்முஸை அவ்வளவு கேவலமாகச் சொல்லாதீர்கள். 2010இல் லெபனானில் 10,452 கிலோ ஹம்முஸ் ஒரே தட்டில் செய்து கின்னஸில் போட்டார்கள். நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர், அதே எண். ஹம்முஸ் யாருடையது என்று இஸ்ரேலோடு நடந்த மல்லுக்கட்டு அது. நம் ஊரில் மைசூர்பாகுக்கு நடக்கும் சண்டையெல்லாம் எந்த மூலைக்கு.

இனிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்ட கடையிலேயே பக்லாவா வாங்காதீர்கள். கிரான்வில்லில் அப்லாஸ் இருக்கிறது, இனிப்புக்கென்றே உள்ள கடை. க்னாஃபே சூடாக வாங்குங்கள். அடியில் உருகிய பாலாடைக்கட்டி, மேலே பொன்னிற ரவைப் பொருக்கு, அதன்மேல் பாகு. பாகைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் நாமே அளவாக ஊற்றலாம், சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கும் வீட்டில் இது உபகாரம். லெபனானில் இதை எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துக் காலைப் பலகாரமாகவே சாப்பிடுவார்கள்.

ஹோம்புஷ்_அக்கா
ரம்ஜான் மாதமாக இருந்தால் லக்கெம்பா ஹால்டன் ஸ்ட்ரீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லியிருப்பேன். ராத்திரி தெரு முழுக்க அடுப்பு, லட்சக்கணக்கில் கூட்டம். ஆனால் உட்கார இடம் கிடைக்காது, பெரியவர்களுக்குக் கால் தாங்காது.

புதுவீட்டுக்காரன்
எல்லோருக்கும் நன்றி. இரண்டு கடைக்குப் போன் செய்தேன். முதல் கடையில் 10 பேருக்கு மேல் போனால் பேங்க்வெட்தான் என்றார்கள், மைனர் சொன்னபடி வணக்கம் சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் தனித்தனியாக வாங்கலாம், கறி ஹலால், மது கிடையாது. ஃபலாஃபல் தனிச் சட்டி. சூப்பில் கோழித் தண்ணீர் உண்டு என்று அவர்களே சொன்னார்கள். லூபியே அன்று செய்து தருகிறோம் என்றும் சொன்னார்கள். ஆறரை மணிக்கு மேசை. ஒயின் நண்பர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், ஒருவன் மட்டும் இன்னும் பேசவில்லை.

அப்பா தூமைப் பற்றிக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை பூண்டு சேர்க்கலாமா என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ராத்திரிஷிப்ட்
அண்ணா, எட்டுப் பேருக்குக் கறி இரண்டு தட்டு பத்தாது. மைனர் பேச்சைக் கேட்காதீர்கள், மூன்றாகச் சொல்லுங்கள்.

மெரிலண்ட்ஸ்_மைனர்
இரண்டு போதும். மிஞ்சினால் நீங்கள் வந்து சாப்பிடுவீர்களா?

ராத்திரிஷிப்ட்
எத்தனை மணிக்கு?